தட்டையான ஊரில் மூன்று கியர்

மாம்புரி,
ஜூலை 29.

பேரன்புக்குரிய ஹாசிம் காக்காவுக்கு,

தங்கச்சி முஃபீதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான் ஸியாத்தும் சுகம். அங்கே உங்கள் சீனி வருத்தமும், மதினியின் முழங்கால் நோவும், கடைக் கூரையின் ஒழுக்கும் குறைந்திருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். கோபத்தோடு எழுத உட்கார்ந்தவள் சுகம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிட வேண்டும், பிறகு மறந்துபோகும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சிமெந்து, ஆணி, பெயின்ட் என்று தலைப்பில் அச்சடித்த கடைத் தாளில், கூடப் பிறந்த தங்கைக்கு மூன்று கட்டளை எழுதி, கீழே கடை முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்று, சைக்கிளை விட வேண்டும். இரண்டு, இடமாற்றப் படிவத்தில் ஒப்பமிட்டு, தாய்-பிள்ளை பார்க்கும் இந்த மிட்வைப் வேலையின் மிச்ச நான்கு வருடத்தையும் புத்தளம் ஓபிஸில் ஒரு கதிரையில் கழிக்க வேண்டும். மூன்று, இது பற்றி மேற்கொண்டு ஒரு கதையும் வேண்டாம். மூன்றாவதை முதலில் மீறுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல அடையாளம் விழும், நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். தபாலில் வந்தால் கடையில் வேலை செய்கிறவர்கள் முன்னால் பிரித்தே ஆக வேண்டும், அதனால்தான் தபால்.

முதலில் ஸ்கூட்டர். நோன்புக்கு முந்தின மாதம், "தங்கச்சி, பிரேக் சரியில்ல, புத்தளத்துல காட்டிக் கொண்டுவந்து தாறன்" என்று சொல்லி எடுத்துப் போனீர்கள். அந்தப் பிரேக் இன்றுவரை சரியாகவில்லை என்றால் அதில் உங்கள் மகன் ஆகிப் ஊர் சுற்றுவது எப்படி? நான் கிளினிக் மருந்தெடுக்கப் புத்தளம் வந்த அன்று பஸ்ஸுக்குள்ளிருந்து கண்ணால் கண்டேன். பின்னால் ஒரு கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு, முடியைக் கோதிக்கொண்டு போகிறார் பிள்ளை. தடுப்பூசிப் பெட்டியை நான் கட்டி வைக்கும் கறுப்பு ரப்பர் பட்டி இன்னும் அந்த ஸ்கூட்டரில் தொங்குகிறது. ஸ்கூட்டர் போனதால் நான் நடந்து வீடு பார்த்தேன், நடந்ததால் பட்டியலில் பாதிதான் முடிந்தது, பாதிதான் முடிந்தது என்பதையே காரணமாக வைத்து நீங்கள் ஓபிஸில் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்து இடமாற்றப் படிவத்தையும் தயார் செய்துவிட்டீர்கள். காலை வாரிவிட்டு, விழுந்தவளுக்குக் கதிரை போடுவது உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

எங்கள் டொக்டர் நல்ல மனுஷி. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, "முஃபீதா, ஜூலை மாசம் மட்டும் பாப்பம். உங்கட பட்டியல்ல இருக்கிற நாப்பத்தேழு வீட்டையும் பாத்து முடிச்சா நான் இத அனுப்பமாட்டன். ஒரு வீடு விடுபட்டாலும் நீங்க ஒப்பம் வைக்கத்தான் வேணும்" என்றார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. இருபத்தெட்டு வருடமாக இந்த மணல் ஒழுங்கைகளில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமி மருமகளுக்குப் பால் கொடுக்காமல் தானே குடித்துவிடுவாள் என்பது வரை எனக்குத் தெரியும். எனக்குப் பதிலாக வருகிறவள் வேனில் வருவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேன் தார் றோட்டில் நிற்கும், காக்கா. பிள்ளை பெறுகிறவர்கள் தார் றோட்டில் இல்லை.

அப்போது என் கையில் இருந்தது ஒரு சைக்கிள். கல்பிட்டியில் பட்டம் கட்டிக் கடல்மேல் பறக்க வரும் வெள்ளைக்காரரில் ஒரு பெல்ஜியம் பெண், உங்கள் மச்சான் மீன் கொடுக்கும் விடுதியில் மூன்று மாதம் தங்கியிருந்தவள், ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோக வழியில்லையென்று அதை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் ஓம், எனக்கும் ஓம், பெல்ஜியத்துக்கும் ஓம். கிரவல் பைக் என்று பெயராம். ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில், அகலமான டயர், தார் இல்லாத பாதைக்கென்றே செய்தது. நம் மணலில் அது புதையவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அதன் கியர் பின்சில்லுக்கு வெளியே இருந்தது. ஒரு அடுக்குப் பல்லுச் சக்கரம், அதற்குக் கீழே செயினை இழுத்துப் பிடிக்க ஒரு சின்னக் கை. பெல்ஜியத்தில் அது அப்படித் தொங்கலாம். இங்கே நான்கு நாளில் உப்புக் காற்றில் சிவந்து, மணலைத் தின்று கறகறவென்று கத்தி, ஐந்தாம் நாள் தென்னந்தோட்டத்தில் விழுந்து கிடந்த ஓலையொன்றில் மாட்டி, கை வேறு சைக்கிள் வேறாக முறிந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம் வருகிறது. "புத்தளத்திலிருந்து கல்பிட்டி வரைக்கும் ஒரு மேடு காட்டு பார்ப்போம், தட்டையான ஊரில் உனக்கு எதற்குக் கியர்" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது எந்த வருடம்? ஜூலை மாதச் சோழகக் காற்று முகத்தில் அடிக்கும்போது கரைப் பக்கமாக மிதித்துப் பாருங்கள், மிதிக்க மிதிக்க அதே தென்னை மரம் பக்கத்தில் நிற்கும். மாம்புரியில் அவ்வளவு உயரமான காற்றாலைகளை ஊர் அழகுக்காகவா நட்டிருக்கிறார்கள்? நுவரெலியாக்காரனுக்கு மலை. எங்களுக்குக் காற்றும் மணலும். கியர் இல்லாத சைக்கிளில் இந்தப் பகுதியில் ஒருத்தி நாற்பத்தேழு வீடு பார்த்து முடிக்க முடியாது, முடியவே முடியாது. இந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன், பாருங்கள்.

ஆகவே முறிந்த கையை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வின்சன்டிடம் போனேன். கரையில் போட் எஞ்சின் திருத்துகிற அதே வின்சன்ட்தான், உங்கள் தண்ணீர் மோட்டரையும் ஒருமுறை உயிர்ப்பித்தவர். அவருடைய மகள் மெரினா எட்டு மாதக் கர்ப்பிணி, என் பட்டியலில் முப்பத்தொன்றாவது வீடு. முறிந்த கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிஸ், கியர் வெளிய தொங்கினா இந்த ஊருல நிக்காது. போட் எஞ்சின்ல கியர் எங்க இரிக்கி? உள்ளுக்க. அதாலதான் கடலுக்கயே கிடந்தும் ஓடுது. உங்களுக்கும் உள்ளுக்க இரிக்கிற கியர் ஒண்டு போடுவம்" என்றார். ஜப்பானிலிருந்து பழைய சைக்கிள்கள் கொண்டுவந்து விற்கும் கடையொன்று சிலாபம் றோட்டில் இருக்கிறது. அங்கே கூடை நெளிந்த ஒரு பெண்கள் சைக்கிளைக் கண்டுபிடித்து, அதன் பின்சில்லைப் பஸ்ஸின் பின் சீட்டில் ஒரு பயணியைப்போல உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அந்தச் சில்லின் நடுவில் பால்டின் அளவில் ஒரு ஹப். மூன்று கியரும் அதற்குள்ளே அடக்கம், வெளியே ஒரு பல்லும் தெரியாது. வயிற்றில் கை வைத்துப் பார்த்து உள்ளே தலை எங்கே, கால் எங்கே என்று சொல்வதுதான் என் தொழில் என்பதால், அந்த ஹப்பை எனக்குக் கண்டவுடனேயே பிடித்துப்போனது.

மாட்டுவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. ஹப்பில் முப்பத்தாறு துளை, பெல்ஜியத்து ரிம்மில் முப்பத்திரண்டு. ஜப்பான் ரிம்மை அப்படியே போடலாமென்றால் அதில் அகலமான டயர் ஏறாது, அகலமான டயர் இல்லையென்றால் மணலில் புதைந்துபோகும். வின்சன்ட் இரண்டு நாள் கம்பிகளைக் கோத்தார், கழற்றினார். கோத்து முடித்த ஒவ்வொரு தடவையும் நான்கு துளை மிச்சமிருந்தது, சில்லும் முட்டை வடிவத்தில் இருந்தது. உங்கள் மச்சானிடம் கேட்டோம், அவர் இரண்டு வழிக்கும் ஓம் என்றார். மூன்றாம் நாள், முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த வின்சன்டின் மனைவி கத்தரினா தலையை நிமிர்த்தி, "கண்ணு கூடின பக்கத்துல ஒவ்வொரு கால்வாசிக்கும் ஒரு கண்ண சும்மா விடணும். வலையில கூட்டிக் குறைக்கிறதில்லையா? இஞ்ச தாங்க" என்று சில்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கோத்து முடித்துவிட்டாள். முப்பத்தாறில் நான்கு துளை, ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக, சும்மா கிடக்கிறது. சில்லு வட்டமாக இருக்கிறது. வின்சன்ட் அன்று முழுக்க அந்த நான்கு துளையையும் எண்ணி எண்ணிப் பார்த்தார்.

பிறகு கியர் மாற்றும் கைப்பிடி. அது முறுக்கும் கைப்பிடி, நேரான ஹேண்டிலுக்குச் செய்தது, ஆட்டுக் கொம்பில் ஏறாது. வின்சன்டுக்கு முறுக்குகிற எதைக் கண்டாலும் போட் எஞ்சின்தான் ஞாபகம் வரும். தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஹேண்டிலின் நடுவிலிருந்து முன்னால் நீட்டி, அதன் நுனியில் அந்தக் கைப்பிடியைப் பூட்டினார். இப்போது கியர் மாற்ற வேண்டுமென்றால் நான் ஒரு கையை முன்னே நீட்டி, கரையை விட்டுக் கிளம்பும் போட்காரனைப்போல முறுக்க வேண்டும். முதல் தடவை முறுக்கியபோது உடப்பிலிருந்து வந்திருந்த மீன்காரர் ஒருவர், "மிஸ், என்ன மீன் பாடு?" என்று கேட்டார்.

இனி உங்களுக்கு வந்த படத்தின் கதை. ஹப்பின் அச்சு சுழலாமல் பிடிப்பதற்கு இரண்டு பக்கமும் காது வைத்த வளையம் ஒவ்வொன்று உண்டு. வலதுக்கு வேறு, இடதுக்கு வேறு. வின்சன்ட் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் போட்டுவிட்டார். அது ஜூலை பதினொன்று. நான் சீருடையும் உள்ளே காற்சட்டையும் போட்டு, பையைக் கட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி, சந்தி வரைக்கும் நன்றாகத்தான் போனேன். சந்தியில் கையை நீட்டி முதல் கியருக்கு முறுக்கினேன். அச்சு சில்லோடு சேர்ந்து சுழன்றது, கியர் வயர் தூண்டில் நூல் மாதிரி அச்சில் சுற்றிக்கொண்டது, செயின் கழன்றது, சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. அடி ஒன்றும் படவில்லை, மணல். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து பின்சில்லைக் கழற்றி மடியில் வைத்து, எங்கே பிழை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் மரக்கறி லொறி ஓட்டும் இன்ஷாப் படமெடுத்து, "மிட்வைப் மிஸ்ஸுக்கு சில்லு பிறந்திருக்கு" என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியது. குடும்ப மானம் மணலில் கிடக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த இன்ஷாப்பைப் பிறந்து மூன்றாம் நாள் தராசில் போட்டு நிறுத்தவள் நான்தான். அன்றும் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். அவனுடைய உம்மாவிடம் போய்ப் படத்தைக் காட்டினேன், மிச்சத்தை அவ பார்த்துக்கொண்டா.

மறுநாள் காலையிலேயே வின்சன்ட் வளையங்களை மாற்றிப் போட்டார். "நான் போட் எஞ்சினுக்குப் பொருத்திப் பழகின கை மிஸ், அங்க எல்லாம் ஒரே வளையம்" என்று வெட்கப்பட்டார். ஹப்போடு சேர்ந்து வந்த பழைய பிரேக் பிடிக்கும்போதெல்லாம் காது கிழியக் கத்தியது. எண்ணெய் விடப் போனவரை நான்தான் தடுத்தேன், ஏனென்றால் அதற்குள் ஒரு நன்மையைக் கண்டுவிட்டேன். அந்தச் சத்தம் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் கேட்கிறது. நான் வாசலுக்குப் போகுமுன் தாய்மார் கார்டையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஒளிந்துகொள்ள நினைக்கிறவர்கள் ஒளிந்தும்கொள்கிறார்கள், அவர்களை எந்த அறையில் தேட வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி பின்னேரம் நான் ஏழு வீடு முடித்துத் திரும்பியபோது, வின்சன்ட் முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய பீப்பாவோடு காத்திருந்தார். கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால்தான் உள்ளே இருக்கிற உப்பு கழுவிப் போகும், அது நம் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். "கியரும் அப்பிடித்தான் மிஸ். உப்புக் காத்துல போய் வந்ததுதானே" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சைக்கிளைத் தூக்கிப் பின்சில்லைப் பீப்பாவுக்குள் இறக்கி, நான் பெடலைக் கையால் சுற்ற, வின்சன்ட் மூன்று கியரையும் மாறி மாறி முறுக்க, அரை மணி நேரம் கழுவினோம். கத்தரினா ஒரு தடவை எட்டிப் பார்த்து, "சரி, சோப்பும் போடுறதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றோடு எல்லாச் சிக்கலும் தீர்ந்தது. ஹப் புதிது மாதிரி ஓடுகிறது. மணலுக்கு முதல் கியர், ஒழுங்கைக்கு இரண்டாவது, தார் றோட்டில் காற்று முதுகில் இருக்கும்போது மூன்றாவது. மூன்று கியரும் மூன்று பிள்ளைகள் மாதிரி சொல்வழி கேட்கின்றன, அதாவது மற்றவர்களுடைய பிள்ளைகள் மாதிரி.

இருபத்தொன்றாம் தேதி நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அதை யாரும் படமெடுக்கவில்லை. மெரினாவின் வீட்டுக்கு நான் மறுநாள்தான் போக வேண்டும். காலையில் அவள் போனில், "மிஸ், தலையிடி கொஞ்சம், நாளைக்கு வரக்குள்ள பெனடோல் கொண்டுவாங்க" என்றாள். குரல் சரியில்லை. எந்த மாதிரிச் சரியில்லை என்று எழுதத் தெரியவில்லை, இருபத்தெட்டு வருடம் கேட்ட காதுக்கு விளங்கியது. அவள் வீடு ஒழுங்கையின் கடைசியில், கடலோரம், ஒரு கிலோமீட்டர் கால் புதையும் மணல். காற்று நேரே முகத்தில். நான் கையை நீட்டி முதல் கியரில் போட்டு ஒரே மிதியாய் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். முகம் வீங்கி அதைத்திருந்தது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள், கணவன் களப்புக்கு மீன்பிடிக்கப் போயிருந்தான். பக்கத்துத் தோட்டத்து லேண்ட்மாஸ்டர் டிரக்டர்ப் பெட்டியில் பாய் விரித்து ஏற்றி, மணலைத் தாண்டித் தார் றோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அங்கே சொன்னார்களாம். அன்றைக்கே ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஒரு கிலோ தொள்ளாயிரம். நேற்றுப் போய் நிறுத்தேன், பிறந்த நிறைக்குத் திரும்பிவிட்டாள்.

நேற்றோடு நாற்பத்தேழு வீடும் முடிந்தது. இன்று காலை டொக்டர் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தை என் கையிலேயே தந்தார். இத்துடன் இணைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, கடைக்குக் கணக்குப் பார்க்க உதவும். ஆகவே உங்கள் மூன்று கட்டளைக்கும் என் பதில்: சைக்கிளை விடமாட்டேன், ஒப்பமிட மாட்டேன், கதைப்பதையும் நிறுத்தமாட்டேன். என் ஸ்கூட்டரை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்த வேண்டும். அது என்னுடைய சாமான், நான் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். கியர் எதற்கு என்று இனி யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், பின்னால் ஏற்றிக்கொண்டு காற்றுக்கு எதிரே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

மதினிக்கு என் சலாமைச் சொல்லுங்கள், முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆகிப்புக்கு நல்ல புத்தியும் சொந்த வாகனமும் கிடைக்கத் துஆச் செய்கிறேன். உங்களுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும், எனக்கு இன்னும் நிறையக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைக் கேட்டும் கேளாத தங்கச்சி,
முஃபீதா

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு லுஹர் தொழுதேன். பசை தடவ மனம் வரவில்லை. ஸலாம் சொல்லித் தொடங்கிய கடிதத்துக்குள் ஒரு பொய் இருப்பது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. திருப்பி எழுதப் பொறுமை இல்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்த ஹப்பில் கியர் மாறியது மொத்தமாக ஒரே ஒரு நாள், பன்னிரண்டாம் தேதி. பீப்பாவில் கழுவிய மறுநாள் காலையிலேயே உள்ளே துருப்பிடித்து நடுக் கியரில் இறுகிப்போனது. போட் எஞ்சினுக்குத் தண்ணீர் மருந்து, இதற்குத் தண்ணீர் நஞ்சு என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கழற்றக் கொடுத்தால் நான்கைந்து நாள் போய்விடும், பட்டியல் நிற்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். மிச்ச வீடுகள் எல்லாவற்றையும் அந்த ஒரு கியரில்தான் மிதித்து முடித்தேன். மெரினாவிடம் போன அன்று அந்த முதல் கியர் இருக்கவில்லை, பாதி ஒழுங்கையில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன், ஐம்பத்தாறு வயதில். ஆக, நீங்கள் சொன்னது சரி. இந்த ஊர் தட்டைதான், கியர் தேவையில்லை. மேலே நான் போட்ட அடிக்கோட்டை அழித்துவிடுங்கள். ஸ்கூட்டரும் வேண்டாம், ஆகிப்பே வைத்துக்கொள்ளட்டும். கறுப்பு ரப்பர் பட்டியை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வின்சன்ட் அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மிஸ், இந்த முதல் கியர நான் போட்டிருக்காட்டி என்ட புள்ள இல்ல" என்று அழுதார். நான் ஓம் என்றேன். அன்றிலிருந்து அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் கையை நீட்டி ஒருமுறை முறுக்கிக் காட்டிவிட்டுத்தான் போகிறேன், அவரும் வேலையை விட்டு எழும்பி நின்று பார்க்கிறார். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் உங்களிடமும் கேட்பார், கியர் எப்படி என்று. ஓம் என்று சொன்னால் போதும். அந்தச் சொல் வாயில் வராவிட்டால் உங்கள் மச்சானிடம் கேளுங்கள், பழக்கித் தருவார்.